பூனை ஏறாத வண்டி

திரேஸ்புரம் விஜிலாவுக்கு ஒரே ஒரு கொள்கைதான் உண்டு. மீன் ஏற்றிய வண்டியை மீன் ஏற்ற வாங்கக் கூடாது. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், அவள் சிரிக்க மாட்டாள். ஏலத்தில் எடுத்த மீனைச் சாயர்புரம் சந்தைக்குக் கொண்டுபோக அவள் வருஷக்கணக்காக ஜெபசிங்கின் வாடகை வண்டியைத்தான் நம்பியிருந்தாள். அந்த மனுஷன் நினைத்தால் வருவான், நினைக்காவிட்டால் போனை அணைத்துவிட்டுத் தூங்குவான். போன மாதம் பாதி வழியில் வண்டியின் தளமே பொத்துக்கொண்டு, சீலா மீன் பெட்டி ஒன்று நடுரோட்டில் விழுந்தது. பின்னால் வந்த நிலக்கரி லாரி அதன்மேல் நிதானமாக ஏறி இறங்கியது. மீன் ஏற்றும் வண்டியில் ஐஸ் தண்ணீரும் உப்பும் நாள் முழுக்கச் சொட்டினால் இரும்பு அரிக்காமல் என்ன செய்யும்? அந்த இடத்திலேயே விஜிலா முடிவெடுத்துவிட்டாள், இனி சொந்த வண்டிதான். லைசென்ஸ் எடுத்து ரெண்டு வருஷமாகிறது. ஓட்டத்தான் வண்டி இல்லை.

அவள் புருஷன் வில்பிரட் மாலத்தீவுக்குச் சரக்குக் கொண்டுபோகும் தோணியில் எஞ்சின் டிரைவர். திங்கட்கிழமை மறுபடி தோணி ஏறுகிறான். அதற்குள் வண்டி வாங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் ஜெபசிங்கின் காலில்தான் விழ வேண்டும். ஆகவே சனிக்கிழமை காலையிலேயே இருவரும் பாளையங்கோட்டை ரோட்டில் பழைய வண்டி விற்கும் ரெக்ஸ் அண்ணாச்சியின் ஷெட்டுக்குப் போய் நின்றார்கள். விஜிலா ராத்திரி சரியாகத் தூங்கியிருக்கவில்லை. கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனபோதுகூட இத்தனை படபடப்பு இல்லை.

"வாங்க தங்கச்சி. இந்த வெள்ளையப் பாருங்க," என்றார் ரெக்ஸ். "அறுபதாயிரந்தான் ஓடிருக்கு. வாழத்தாரத் தவிர ஒண்ணும் ஏத்துனதில்ல."

வண்டி பளபளவென்று இருந்தது. அடியில்கூடப் புதுசாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். உள்ளே உட்கார்ந்தால் மல்லிகைப்பூ சென்ட் ஆளைத் தூக்கியது. விஜிலாவுக்கு அப்போதே சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடலாம்போல் இருந்தது. ஆனாலும் கொள்கை கொள்கைதானே. பின்கதவைத் திறந்து, தளத்தில் தலையை விட்டு மூச்சை இழுத்தாள். ஒன்றும் தெரியவில்லை. வில்பிரட்டும் குனிந்து மோந்தான்.

"எனக்கும் ஒண்ணும் தெரியல," என்றான். பிறகு அவனே சிரித்துவிட்டான். "ஏளா, நம்ம மூக்க நம்பி வண்டி வாங்குனா வெளங்கும்!"

அவன் சொன்னதும் நியாயம்தான். கடற்கரையில் பிறந்த மூக்குக்கு மீன் வாடை என்று ஒன்று கிடையவே கிடையாது. சாயர்புரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்கள் ஜன்னலோரம் ஒதுங்கும்போதுதான் தன்மேல் வாடை அடிக்கிறது என்பதே விஜிலாவுக்கு நினைவு வரும். ஊர் மூக்கெல்லாம் கண்டுபிடிக்கும் ஒன்றைத் தன்னால் கண்டுபிடிக்க முடியவில்லையே என்று முதல்முறையாக அவளுக்கு எரிச்சலாக வந்தது.

அந்த நேரத்தில்தான் எதிர்த்த டீக்கடையிலிருந்து ஒரு கடுவன் பூனை வாலைத் தூக்கிக்கொண்டு வந்தது. நேரே விஜிலாவிடம் வந்து, சேலை ஓரத்தில் முகத்தைத் தேய்த்து, "மியாவ்" என்றது.

"வண்டிய விட்டுட்டு ஒன்னயப் புடிச்சுட்டுது பாரு," என்றான் வில்பிரட்.

விஜிலா சிரிக்கவில்லை. பூனையைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணாச்சி, ஒரு டீ குடிச்சிட்டு ஓடி வந்துருதோம்," என்று புருஷனை இழுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். பூனையும் பின்னாலேயே வந்தது. டீக்கடைக்காரி ஜெயஷீலாவிடம், "யக்கா, இத அந்தச் செட்டுல கொண்டு விட்டுட்டு வாங்களேன். நான் நின்னா என்னயத்தான் மோந்துக்கிட்டு இருக்கும்," என்றாள்.

"எம் பூன வண்டி வாங்கப் போவுதாக்கும்?" என்று கேட்டபடி ஜெயஷீலா பூனையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

கடைக்குள் பதுங்கிக்கொண்டு இருவரும் எட்டிப் பார்த்தார்கள். கையிலிருந்த டீ ஆறியது. பூனை சோம்பல் முறித்தது. ஒரு பைக்கை மோந்தது. பிறகு காதை நிமிர்த்தி, ஒரே தாவலில் வெள்ளை வண்டியில் ஏறி, பின்கதவு ஓரம் தண்ணீர் வடியும் மூலையை நக்க ஆரம்பித்தது. நக்கியது என்றால் சும்மா இல்லை, கண்ணை மூடிக்கொண்டு நக்கியது.

விஜிலா ஓட்டமாக ஓடினாள். அங்கே கிடந்த ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, அந்த மூலைக்கு நேர் கீழே வீட்டுச் சாவியால் சுரண்டினாள். கறுப்புப் பெயின்ட் அப்பளம்போல் பொரிந்து உதிர்ந்தது. உள்ளே விரலே போனது.

"ஓட்ட!" என்று அடியிலிருந்தே கத்தினாள். "சேஸிஸே ஓட்ட, அண்ணாச்சி!"

ரெக்ஸும் குனிந்து பார்த்தார். முகம் தொங்கிவிட்டது. "என்கிட்ட வித்தவன் வாழத்தாருன்னுதான் சொன்னான். பூன பேச்சக் கேக்காம வாங்கிட்டேன்," என்றார்.

விஜிலா சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். மூலையில், வாகை மரத்தடியில், நீலம் வெளிறிய ஒரு பிக்கப் நின்றது. மீட்டர் மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது. "அது பேப்பர்க்கட்டு ஏத்துன வண்டி," என்றார் ரெக்ஸ். "தெனம் மதுரைக்குப் போய்ட்டு வரும். மீட்டரப் பாத்ததும் எல்லாரும் ஓடிருதாங்க."

ஜெயஷீலா இந்த முறை தானாகவே பூனையைத் தூக்கி அதன் தளத்தில் விட்டாள். அது நாலு மூலையும் மோந்து, இதற்கா என்னை எழுப்பினீர்கள் என்கிற மாதிரி பார்த்துவிட்டு, குதித்துக் கடைக்குப் போய்விட்டது. விஜிலா கை தட்டியேவிட்டாள்.

அதற்குப் பிறகு வில்பிரட்டின் ஆட்சி. எஞ்சினில் கை வைத்து, முன்னாடியே ஓட்டிச் சூடாக்கி வைக்காமல் குளிர்ந்துதான் கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டான். சாவியைத் திருப்பினதும் முதல் உறுமலிலேயே பிடித்தது. ஆயில் மூடியைக் கழற்றிப் பார்த்தான், புகையின் நிறம் பார்த்தான், அடியில் படுத்துச் சுத்தியலால் தட்டினான். மேலே செம்பழுப்பாகத் துரு இருந்தாலும் உள்ளே கெட்டியாக டங் டங் என்றது. கிளட்ச் கனம், ரெண்டு டயர் மொட்டை, டிரைவர் பக்கக் கதவை அறைந்து சாத்த வேண்டும். "எஞ்சின் நம்ம தோணிய விட நல்லாருக்கு. வேலை செஞ்ச ஒடம்புளா இது," என்றான்.

விஜிலா அதற்குள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தாள். துறைமுக ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி ஓடியபோது அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினாள். வில்பிரட் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா போளா!" என்று கெஞ்சிக்கொண்டே வந்தான். திரும்பி வந்ததும் பேரம் பேசி முடித்து, மத்தியானத்துக்குள் வண்டியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு மீன் வாங்கும் கூட்டம் வருமுன்பே விஜிலாவின் மீன் சாயர்புரத்தில் இருந்தது. யாருக்கும் போன் போடவில்லை, யார் காலிலும் விழவில்லை. திரும்பி வந்ததும் நல்ல தண்ணீர் விட்டுத் தளத்தையும் அடியையும் குளிப்பாட்டினாள். தினமும் இப்படித்தான் என்று வண்டியிடமே சொன்னாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் வில்பிரட்டைத் தோணிக்கு அதே வண்டியில் கொண்டுவிடக் கிளம்பினார்கள். தளத்தில் மூன்று பூனைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தன. இத்தனை கழுவியுமா என்று விஜிலா குனிந்து மோந்து பார்த்தாள். அவள் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை.

"போச்சு," என்றான் வில்பிரட். "இனி இத ஒருத்தனும் வாங்க மாட்டான்."

"வித்தாத்தானே வாங்குததுக்கு!" என்று சொல்லி, விஜிலா கதவை அறைந்து சாத்தினாள்.