மதினியின் முதுகெலும்பு

சாரல் தொடங்கி, தென்காசிப் பேருந்து நிலையத்தில் குற்றால வண்டிகளுக்குக் கூட்டம் முண்டியடிக்கும்போதெல்லாம் எனக்கு மதினிதான் நினைவுக்கு வருவாள். அன்று ஐந்தருவியில் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். எண்ணெய் வழியும் முதுகு, அதன்மேல் தடதடவென்று தண்ணீர். "நல்லா முதுகக் குடுட்டி, வலி ஓடிரும்" என்று அம்மா பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் இடுப்பு வலிக்கு முதல் வைத்தியர் அருவிதான். சீட்டு எழுதாது, காக்கவும் வைக்காது. வடகரையில் நாற்று நட்டவர்களும் தேங்காய் சுமந்தவர்களும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்து, தண்ணீரிடம் நாலு அடி வாங்கிக்கொண்டு போவார்கள். மதினிக்கும் தேங்காய்க் களத்தில் சுமக்கிற வேலை. மாதக்கணக்கில் வலி இருந்தது. சுமையால் வந்த வலி என்றே நினைத்தோம். அவளுக்கு எச்.ஐ.வி. இருந்தது. அண்ணன் வழி வந்தது. அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். அம்மாவுக்கும் எனக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. ஒருநாள் விடாமல் மாத்திரை சாப்பிட்டாள். ரத்தத்தில் கிருமி தென்படவே இல்லை என்று மாத்திரை கொடுக்கும் மையத்தில் சொல்லியிருந்தார்கள். பிறகென்ன என்று இருந்துவிட்டோம்.

அன்றைக்கு அவள் வழுக்கவும் இல்லை, விழவும் இல்லை. "யம்மா" என்று ஒரு சத்தம். அப்படியே குந்திவிட்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கித்தான் கொண்டுபோனோம்.

முதுகெலும்புகளில் ஒன்று நசுங்கியிருந்தது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தண்ணி விழுந்து ஒடியுத வயசா இது? எண்பது வயசு எலும்பு மாதிரில்லா இருக்கு. வேற நோய் எதுவும் உண்டா? மாத்திர சாப்பிடுதாங்களா?"

"ஒண்ணும் கெடையாது சார்" என்றாள் அம்மா அவசரமாக. பக்கத்துக் கட்டிலில் அச்சன்புதூர்க்காரி ஒருத்தி காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். எங்கள் தெருவில் பெண் கொடுத்தவள். காரணம் தெரியாவிட்டால் டாக்டர் பெல்ட்டைக் கட்டி அனுப்பிவிடுவார். அடுத்த எலும்பும் நசுங்கினால் மதினிக்குப் படுக்கைதான் கதி. அது எனக்குப் புரிந்தது. ஆனாலும் அச்சன்புதூர்க்காரியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மதினிதான் சொன்னாள், மெதுவாகக்கூட இல்லை. "எனக்கு எச்.ஐ.வி. உண்டு சார். பல வருசமா மாத்திர சாப்பிடுதேன்."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கிருமி அடங்கித்தான் கெடக்கு. ஆனாலும் ஒடம்பு உள்ளுக்குள்ள சண்டைய நிறுத்தாது. அந்த அழற்சி எலும்பையும் அரிக்கும். சில மாத்திரையும் அதுக்குத் தொணபோகும்." அழற்சியின் அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனையும், எலும்பின் அடர்த்தி பார்க்கும் ஸ்கேனும் எழுதினார். இரண்டுமே அவர் சொன்னதைத்தான் காட்டின. மையத்து டாக்டரோடு பேசி மாத்திரையை மாற்றினார்கள், நிறுத்தவில்லை. எலும்புக்குத் தனியாக மருந்து. இன்றைக்கு மதினி சுமை தூக்குவதில்லை. காலை வெயிலில் குளக்கரை வரை நடந்துவிட்டு வருகிறாள், என்னையும் விரட்டிக்கொண்டு. அவள்மேல் அன்று வந்த மரியாதை எனக்கு இன்னும் குறையவில்லை.

அன்று டாக்டர் வெளியே போனதும் அச்சன்புதூர்க்காரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"ஊரு பூரா தெரிஞ்சிருமே. இனி தல நிமிந்து எப்பிடிட்டி நடப்போம்?"

மதினி மல்லாந்தபடியே சொன்னாள்: "மொதல்ல நடந்துக்கிடுதேன் அத்தை. தலயப் பெறகு நிமித்திக்கிடலாம்."