மயில்நீலக் கரை

பதுளைத் துணிக்கடையில் திரைத்துணியை விரித்துக் காட்டிய கடைக்கார நானா, “நனைச்சுட்டுத் தைங்க தங்கச்சி, சுருங்கும்” என்றார். புதுத்துணியின் கஞ்சி மணம் என்னை நமுனுகுல தேயிலைத் தோட்டத்தில் நான் வளர்ந்த லயத்து வீட்டுக்குக் கொண்டுபோனது.

நான் பெரியவளானதும் அம்மா எங்கள் ஒற்றை அறையின் மூலையில் திரை கட்டி, “இது ஒன்னோட ரூமு” என்றாள். அவசரத்தில் துணியை நனைக்காமல் தைத்துவிட்டிருந்தாள். முதல் சலவைக்கே திரை ஒரு சாண் ஏறிவிட்டது.

“காலெல்லாம் தெரியுதும்மா” என்று அழுதேன்.

அம்மா தன் ஒரே தீபாவளிச் சேலையைக் கிழித்து, திரையின் அடியில் மயில்நீலக் கரை வைத்தாள். அடுப்புப்புகை மணத்த அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் நான் படித்தேன்.

நானாவிடம் மயில்நீலத் துணியும் கொஞ்சம் வெட்டச் சொன்னேன்.

“அது இதுக்குச் சேராதே, தங்கச்சி?”

“சேராதுதான் நானா. அடியில கரை வைக்கணும். எங்கம்மா டிசைன்.”