புதுப் போனும் அதே சக்கரமும்

அடுத்தவருடைய பழைய போனைக் கையில் பிடித்துக்கொண்டு, அது முந்தின வாரம் நான் வாங்கிய புதுப் போன் என்ற நினைப்பில், அதன் கேமராவின் பெருமைகளை ஒரு பட்டாசு முதலாளிக்குக் கால் மணி நேரம் விளக்கியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வரப்போகும் என் வீராவேசத்தை வாசிக்கும்போது, இந்த ஆள் எந்தப் பள்ளத்திலிருந்து எழும்பி வந்தவன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் தொழிலையும் சொல்லவேண்டும். சொன்னால் வெட்கம் இன்னும் கூடும். சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளின் லேபிளுக்கு வாசகம் எழுதுகிறவன் நான். பெட்டியின் மேல் ஒரு மயில் தோகை விரித்திருக்கும், அல்லது ஒரு புலி காரணமே இல்லாமல் கோபமாக இருக்கும். அதற்குக் கீழே இருக்கிற பெயரும், மூலையில் சிவப்பு நட்சத்திரத்துக்குள் மஞ்சள் எழுத்தில் மின்னுகிற ‘புத்தம் புதிது’ என்பதும் என் கைவரிசை. சீசனுக்கு முன்னால் கம்பெனிக்காரர்கள் போன வருடத்துச் சரக்கோடு வருவார்கள். அதே மருந்து, அதே காகிதம், அதே திரி. நான் மயிலை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றச் சொல்வேன். பெயருக்கு முன்னால் ஒரு ‘சூப்பர்’ சேர்ப்பேன். அடுத்த வருடம் சூப்பரை எடுத்துவிட்டு ‘மெகா’ போடுவேன். அதற்கடுத்த வருடம் இரண்டையும் எடுத்துவிட்டு ‘ஒரிஜினல்’ என்பேன். புதுமை என்பது எங்கள் ஊரில் ஒரு நிறம். அச்சகத்தில் கேட்டால் எந்த டின்னில் இருக்கிறது என்று காட்டுவார்கள்.

இப்படிப்பட்ட நான்தான் வருடந்தோறும் விருதுநகருக்கு பஸ் ஏறிப் போய், கடைக்காரர் நீட்டிய போனை அப்படியே நம்பி வாங்கிக்கொண்டிருந்தேன். முதலில் மூன்று கேமராக்கள் வரிசையாக நின்றன. அடுத்த வருடம் முக்கோணமாக நின்றன. அதற்கடுத்த வருடம் மூன்றையும் ஒரு வட்டத்துக்குள் அடைத்தார்கள். இது மயிலை இடம் மாற்றுகிற வேலையல்லவா என்று உலகத்தில் வேறு யாருக்குத் தோன்றாவிட்டாலும் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. மனைவிதான் ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

“பழசுக்கு என்னங்க வந்துச்சு?”

“இதுல இருட்டுல எடுத்தாலும் போட்டோ பளிச்சுனு விழும்.”

“இருட்டுல யாரப் போட்டோ எடுக்கப் போறீக?”

பதில் இல்லாத கேள்விகளை நான் பெருந்தன்மையோடு மன்னித்துவிடுவது வழக்கம்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் காட்டுக்கு நடுவில் இருக்கிற ஓர் ஆலைக்கு, கடைசிப் போனை வாங்கிய மறுவாரம் போயிருந்தேன். என் வேலையில் பெரும்பங்கு அந்தக் கம்பெனியிலிருந்துதான் வருகிறது. சங்குசக்கரம் அடைக்கிற பெட்டியின் அளவைப் பார்த்து லேபிளுக்கு வாசகம் எழுதவேண்டும். பட்டாசு ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. பீடி, தீப்பெட்டியோடு சேர்த்துப் போனையும் வாசலிலேயே வாங்கி, வாட்ச்மேன் கூண்டுக்குள் இருக்கும் மரத்தட்டில் வைத்துவிடுவார்கள். உலகமே பிரியாமல் பிடித்துக்கொண்டிருக்கும் அந்தப் பொருளை எங்கள் ஆட்கள் நாள்தோறும் காலையில் கழற்றி வைத்துவிட்டு, சாயங்காலம்தான் திரும்ப எடுக்கிறார்கள். அவர்களில் எவரும் இதனால் செத்ததாகத் தகவல் இல்லை.

வேலை முடிந்து வெளியே வந்ததும் வாட்ச்மேன் கேட்டார். “எது சார் ஒங்க போனு?”

“கருப்பு உறை.”

“எல்லாருந்தான் கருப்பு உறை போட்டிருக்கீக.”

“புதுசா இருக்கும் பாருங்க. இருக்கதுலயே எது புதுசோ அது என்னுது.”

அவர் தட்டை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். இருப்பதிலேயே பளபளப்பான ஒன்றை எடுத்து நீட்டினார். திரையில் இருக்கன்குடி மாரியம்மன் இருந்தாள். என் போனிலும் அவள்தான். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் போனில் அவள்தான். நான் ஆத்தாளைப் பார்த்த திருப்தியில், வாசலை ஒட்டியிருந்த ஆபீஸ் அறைக்குள் போனேன்.

கம்பெனியைத் தன் தகப்பனாருக்குப் பிறகு எடுத்து நடத்துகிற முதலாளி என்னைவிட இளையவர். அவர் என்னை அண்ணாச்சி என்பார். நான் அவரைத் தம்பி என்பேன், லேபிளில் எழுத்துப்பிழை வந்துவிட்ட நாட்களில் மட்டும் முதலாளி என்பேன். அவரும் வருடம் தவறாமல் போன் மாற்றுகிறவர். ஆகவே எங்களுக்குள் ஒரு போட்டி உண்டு. நான் உட்கார்ந்ததும் உட்காராததுமாகப் போனை எடுத்து, பூட்டைக்கூடத் திறக்காமல் அப்படியே கேமராவைத் தள்ளித் திறந்து, மேசைமேல் கிடந்த சக்கரப் பெட்டியைப் படம் பிடித்துக் காட்டினேன்.

“பாத்தீகளா தம்பி. மயிலோட கண்ணுல வெளிச்சம் விழுறதுகூடத் தெரியுது.”

அவர் வாங்கிப் பார்த்தார். “ஆமா அண்ணாச்சி. நல்லாத் தெரியுது. போன வருச மாடல்ல இம்புட்டு வராது.”

“எப்படி வரும்? இதுல அதுக்குன்னு தனியா ஒரு சிப்பு வச்சிருக்கான்.”

நிழலில் எடுத்தேன், ஜன்னலுக்கு எதிரே எடுத்தேன், அவரையே எடுத்தேன். தோலின் நிறம் எவ்வளவு இயல்பாக இருக்கிறது என்று விளக்கினேன். அவரும் தன் முகத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டார். அப்போது போன் அடித்தது. திரையில் ‘வாட்ச்மேன் தாத்தா’ என்று வந்தது. அப்படியொரு பெயரை நான் யாருக்கும் போட்டுவைத்ததில்லை. எடுத்தேன்.

“சார், நான் வேன் டிரைவர் பேசுறேன். நீங்க கொண்டு போனது என் போனு சார். ஒங்களுது இங்கன கெடக்கு.”

ஆள் ஏற்றிவருகிற வேனின் டிரைவர் என் போனோடு உள்ளே வந்தார். ஒரு வாரத்திலேயே சாவி கோடு கிழித்து, மூலையில் சாம்பார் உறைந்து, வயதான தோற்றத்தில் இருந்தது அது. அவருடைய போன் எந்த வருடத்தது என்று முதலாளி கேட்டார்.

“அது ஆச்சு சார் நாலஞ்சு வருசம். மதுரைல செகண்ட்ல எடுத்தது. நேத்துத்தான் மேல்கண்ணாடியும் உறையும் மாத்துனேன்.”

டிரைவர் போனதும் முதலாளி சிரிக்க ஆரம்பித்தார். மேசையைத் தட்டிச் சிரித்தார். “அண்ணாச்சி, அந்தச் சிப்பு எங்கன இருக்கு? உறைக்குள்ளயா?”

“நீங்களுந்தான தம்பி, போன வருச மாடல்ல இம்புட்டு வராதுன்னீக!”

“நீங்க சொன்னா நம்ப மாட்டனா? ஒங்களுக்கு அதான தொழிலே!”

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குச் சுருக்கென்றது. அவர் அதோடு விடாமல், சிரித்த வாயோடேயே வேலைக்கு வந்தார். போன வருட லேபிளை என் முன்னால் தள்ளினார். “சரி, விடுங்க. சக்கரத்துக்கு இந்த வருசம் ஸ்டாரக் கொஞ்சம் பெருசாப் போட்டு, புத்தம் புதுசுன்னு எழுதிக் குடுங்க.”

“இதுல என்ன புதுசு?”

“ஸ்டாருதான்.”

“எழுத மாட்டேன்.”

வாழ்நாளில் முதல் தடவையாக அந்தச் சொல்லை ஒரு முதலாளி முன்னால் சொன்னேன். அது இவ்வளவு ருசியாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் முன்பே சொல்லியிருப்பேன். அவர் என் நெற்றியைப் பார்த்தார், காய்ச்சலா என்று.

“அப்ப என்ன எழுதுவீக?”

அவருடைய பேனாவையே வாங்கி எழுதினேன். ‘அதே சக்கரம். போன வருடம் சுற்றியது போலவே சுற்றும்.’

“கடைக்காரன் என்னைய மேஞ்சுருவான் அண்ணாச்சி.”

“நல்லாச் சுத்துற சக்கரந்தான தம்பி? பிறகு அதச் சொல்ல என்ன கூச்சம்?”

 அவர் தன் போனை எடுத்து, அதன் வாயருகே போய், சங்குசக்கரத்துக்குப் புதுப் பெயர்கள் வேண்டும் என்றார். கண் மூடித் திறப்பதற்குள் அது ஒரு வண்டி பெயரைக் கொட்டியது. “இது இந்த வருச மாடல். ஏஐ உள்ளயே இருக்கு. கேட்டா எழுதுது, கோவப்பட மாட்டேங்குது. ஒண்ணு செய்வோம். சக்கரத்துக்கு மட்டும் ஒங்க இஷ்டப்படி அடிப்போம். லோடு கடையில வித்துட்டா அடுத்த வருசமும் எல்லா ஐட்டமும் நீங்கதான். திரும்பி வந்துச்சுன்னா இதுதான் எழுதும். சரியா?”

சரி என்றேன். இந்த வயதில் எனக்கு வேறு தொழில் தெரியாது என்பது பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

போன் எழுதிய பெயர்களை அவர் எனக்கு அனுப்பியும் வைத்திருந்தார். வழிநெடுக வாசித்தேன். சூப்பர் வந்திருந்தது, மெகா வந்திருந்தது, ஒரிஜினலும் வந்திருந்தது. உலகத்துப் பெட்டிகளையெல்லாம் வாசித்துவிட்டு அது எழுதியிருந்தது, என் பெட்டிகளும் அதில் சேர்த்தி. இந்த வருடத்துப் பெரும் புதுமை என்று போன் கம்பெனிக்காரர்கள் சொன்னது, என் பழைய பொய்களை என்னைவிட வேகமாகச் சொல்கிறது, அவ்வளவுதான்.

போன் புதுமையே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் லேபிள் புரூஃபை ஏழாயிரம்பண்ணை பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பிவிட்டு, மறுநாள் அதே பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருப்பேன். திருத்தங்களோடும், கூடவே ஒரு டீக்கறையோடும் அது திரும்பி வரும். முதல் போன் வந்தது. புரூஃப் நொடியில் போனது, நொடியில் வந்தது. அன்று நான் கையெடுத்துக் கும்பிட்டிருக்கலாம், அது நியாயம். அதற்குப் பிறகு நான் வாங்கிய எந்தப் போனிலும் அது நொடியைவிடச் சீக்கிரம் போகவில்லை. என் எழுத்துப்பிழைகளும் குறையவில்லை. பிறகு எதைத்தான் நான் வருடந்தோறும் வாங்கினேன்? பெட்டியைப் பிரிக்கிறபோது வருகிற அந்த வாசனையைத்தான். அதை அவர்கள் தனியாக ஒரு குப்பியில் அடைத்து விற்றால் போனை ஒழித்துவிட்டு அதை வாங்கிவிடுவேன்.

ஆகவே இனிமேல் மாற்றுவதில்லை என்று முடிவு செய்தேன். விருதுநகர்க் கடைக்காரர் கூப்பிட்டார். “சார், புது மாடல் எறங்கிருக்கு. பழசக் குடுத்துட்டு எடுத்துக்கிடுங்க.”

“என்ன புதுசு அதுல?”

“இன்னும் மெலிசு சார்.”

“நான் என்ன கதவிடுக்குலயா சொருகப் போறேன்?”

 அவர் போனை வைத்துவிட்டார். கோடு விழுந்த என் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சந்திக்கிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டினேன். பேட்டரி தாங்குகிறவரை, பாதுகாப்பு அப்டேட் வருகிறவரை இதுதான், வேலை செய்கிற பொருளைப் பழசு என்று சொல்ல எவனுக்கும் உரிமையில்லை என்று கேட்காதவர்களுக்கும் சொன்னேன். என்னைக் கண்டதும் டீக்கடையில் சிலர் தங்கள் போனை மடிக்குள் ஒளித்துக்கொண்டார்கள். என் மனைவி மட்டும், “முன்னாடி நீங்க போன் வாங்குனதத் தாங்க முடியல, இப்ப வாங்காததத் தாங்க முடியல” என்றாள்.

வெளியில்தான் வீரம். உள்ளுக்குள் லோடு லோடு என்று அடித்துக்கொண்டது. தீபாவளி நெருங்க நெருங்க, எங்கள் ரோட்டில் எதிரே வருகிற லாரியெல்லாம் திரும்பி வருகிற சக்கரமாகத் தெரிந்தது. கடைசி வாரத்தில் முதலாளியிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. ஏதோ ஒரு வெளியூர்க் கடை. மேசை நிறைய என் பெட்டிகள், சுற்றிலும் கூட்டம், மேலே மங்கலாக ஏதோ ஒரு போர்டு. ஒரு அம்மாள் இரண்டு கையிலும் பெட்டி வைத்திருந்தார். அந்தப் படத்தை மனைவிக்குக் காட்டினேன், டீக்கடைக்காரருக்குக் காட்டினேன். உண்மையைச் சொன்னால் ஜனங்கள் வாங்குவார்கள் என்றேன். இனி போன் கம்பெனிக்காரர்களும் ‘அதே போன்’ என்று அச்சடிக்கும் காலம் வரும் என்றுகூடச் சொன்னேன்.

தீபாவளி முடிந்து ஆலைக்குப் போனேன். ஆபீஸில் அதிரசமும் டீயும் வந்தன. சக்கரம் ஒரு பெட்டிகூடத் திரும்பி வரவில்லை என்று முதலாளியே சொன்னார். நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

“பாத்தீகளா தம்பி? பொய் சொல்லாமலும் விக்கலாம். ஒங்க போன் எழுதுனத அடிச்சிருந்தா இது நடந்திருக்குமா?”

அவர் அந்தப் போட்டோவைத் தன் போனில் திறந்து, விரலால் பெரிதாக்கி என் பக்கம் நீட்டினார். கூட்டத்துக்கு மேலே இருந்த போர்டு துல்லியமாகத் தெரிந்தது. சிவப்பு நட்சத்திரம், மஞ்சள் எழுத்து. ‘புத்தம் புது அறிமுகம்! சூப்பர் மெகா சக்கரம்!’

“இது எனக்கு வந்த படத்துல தெரியலையே” என்றேன். “நீங்க அனுப்புறப்ப மங்கிப்போச்சு. என் போன் மேல தப்பில்ல.”

“தப்புன்னு யாரு சொன்னா? ஒங்க பெட்டியப் பாத்துட்டுக் கடைக்காரகெல்லாம் எறக்க மாட்டேன்னுட்டாக. அதான் நம்ம போன்லயே எழுதச் சொல்லி எல்லாக் கடைக்கும் போர்டு அடிச்சு அனுப்புனேன்.”

கடித்த அதிரசத்தைத் தட்டில் திரும்ப வைத்தேன். “அப்ப அடுத்த வருசம்?”

“பேசுனபடிதான். பெட்டிக்கு நீங்களே எழுதுங்க அண்ணாச்சி” என்றார் அவர், டீயை என் பக்கம் நகர்த்தி. “அத எவன் வாசிக்கான்?”