அருவி மட்டும் இருந்த படம்

எண்பதுகளின் கடைசியில், தருமபுரி பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் எனக்கு சி மொழி சொல்லிக்கொடுத்தவர் அந்த டீச்சர். ஒல்லியான உருவம், முகத்துக்குப் பெரிய கண்ணாடி. கம்ப்யூட்டரைப் போடுவதற்கு முன் சேலைத் தலைப்பால் திரையைத் துடைப்பார். தூசி இல்லாவிட்டாலும் துடைப்பார்.

காய்ச்சலில் இறந்துபோன அவருடைய தங்கை, அந்தத் திரையில் புள்ளி புள்ளியாக ஒரு படம் வரைந்திருந்தாள். மேலே ஒகேனக்கல் அருவி, கீழே பரிசலில் அக்காவும் தங்கையும். படத்தைச் சேமித்து வைத்திருந்த பிளாப்பி தட்டு பழசாகிவிட்டதால், டீச்சர் தானே எழுதிய புரோகிராமை வைத்து அதைப் புதிய பிளாப்பிக்கு நகலெடுத்தார். பழையதை வகுப்பில் பயன்படுத்துவதற்காக அழித்தும்விட்டார்.

மறுநாள் அவர் நகலைத் திறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். திரையின் கீழ்ப்பாதி கறுப்பாகவே நின்றது.

"என்னங்க டீச்சர் ஆச்சு?"

"படத்தைப் பைனரின்னு தெறக்கணும். நான் புரோகிராமுல டெக்ஸ்ட்டுன்னு, வெறும் எழுத்து பைலா தெறந்துட்டேங்க. டெக்ஸ்ட்டுல இருபத்தாறுங்கற நம்பர் வந்தா, பைல் முடிஞ்சுதுன்னு அங்கயே நின்னுக்கும். படத்துல அந்த நம்பர் வெறும் புள்ளிங்கதான். ஆனா நகல் அதோட நின்னுபோச்சு."

"மேல்பாதி இருக்குதுங்களே."

"அருவி இருக்குதுங்க. நாங்க ரெண்டு பேரும் கீழ இருந்தோம்."

அவர் அழவில்லை. புரோகிராமில் விட்டுப்போன, பைனரியைக் குறிக்கும் 'பி' என்ற ஒற்றை எழுத்தைச் சேர்த்து, மறுபடியும் நகலெடுத்தார். அந்தப் பாதிப் படம் ஒரு புள்ளியும் குறையாமல் வந்தது. அதைப் பத்திரமாக உறையில் போட்டு வைத்தார்.