இராட்டினத்துக்குத் திரை

கல்முனைச் சந்தியில் பஸ்ஸுக்காக நிற்கிறேன். பக்கத்தில் திரை கட்டிய மாட்டுவண்டி ஒன்று நிற்கிறது. நான் கொழும்புக்காரன் என்று தெரிந்ததும், வண்டிக்குச் சொந்தக்காரரான முஸ்லிம் புடவை வியாபாரி தேநீர்க் கோப்பையோடு அருகில் வருகிறார். பெருநாள் முடிந்ததும் குடும்பத்தோடு கொழும்புக் கானிவல் களியாட்டத்துக்குப் போகிறாராம்.

"தம்பி, அந்தப் பெரிய ராட்டினத்துல பொம்புளையள் இருக்கிற பெட்டியச் சுத்தித் திரை கட்ட எத்தின முழம் சீலை வேணும்?"

"திரை கட்டினா உள்ள இருக்கிறவங்களுக்கு என்ன தெரியும், காக்கா?" என்று, அண்ணனை அழைக்கும் அவ்வூர் முறையில் கேட்கிறேன்.

"என்ன தெரியணும்? ஏறி இறங்கினாக் காணும்."

வண்டித் திரைக்குள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வருகிறது.

"ஓம் தம்பி, கட்டட்டும். போன பெருநாளைக்கு ஊஞ்சல்லயே கண்ணப் பொத்திக் கத்தின மனிசன். திரை அவருக்குத்தான் வேணும்."

மாடுகள் அசையாமல் நிற்கின்றன. வண்டி மட்டும் சிரிப்பில் குலுங்குகிறது.