ஹாரன் இல்லாமல் மஞ்சக்குப்பத்துக்கு

போன வருடம் சிதம்பரத்தில் ஆனித் தேர் அன்று காலை எங்கள் வீட்டு வாசலில் இருந்தது நான்கு பேர்: நான், அம்மா, பக்கத்து வீட்டு அத்தை, கீரப்பாளையத்திலிருந்து தன் பழைய காரை ஓட்டிக்கொண்டு வந்த மாமா. இல்லாதவர்கள் இரண்டு பேர்: அப்பாவும், மாமாவுக்கு வாடிக்கையான மெக்கானிக்கும். இருவரும் தேர் இழுக்கப் போயிருந்தார்கள். வடம் பிடித்திருக்கிறவர் போனை எடுப்பாரா?

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் அன்று மகளிர் குழுக்களின் விற்பனைக் கண்காட்சி ஆரம்பம். அம்மாவுக்கும் அத்தைக்கும் சேர்த்து ஒரு கடை ஒதுக்கியிருந்தார்கள். அம்மாவின் முறுக்கும் அதிரசமும், அத்தையின் கருவாடும் நெத்திலித் தொக்கும் அட்டைப்பெட்டிகளில் தயாராக இருந்தன. பத்து மணிக்குள் வந்து கடையைத் திறக்காவிட்டால், காத்திருக்கிற வேறு குழுவுக்குக் கொடுத்துவிடுவோம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அம்மா அதுவரை அடுத்தவர் கடைக்குத்தான் முறுக்கு சுற்றியிருக்கிறார். அவர் பெயரில் ஒரு கடை, அது சில நாளைக்கென்றாலும், அதுதான் முதல் தடவை.

பெட்டிகளை ஏற்றி முடித்து மாமா சாவியைத் திருகினார். இன்ஜின் கர் கர்ரென்று சுற்றியதே தவிர, பிடிக்கவில்லை. மறுபடியும் திருகினார். மறுபடியும் அதேதான். இவ்வளவு நேரம் நன்றாக ஓடி வந்த வண்டி.

பேட்டரி போய்விட்டது என்றார் மாமா. அடுத்த நிமிடமே பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார். தள்ளிப் பார்க்கலாம் என்று இறங்கினோம். தேருக்குப் போய்க்கொண்டிருந்தவர்களில் சிலர் கை கொடுத்தார்கள். "அட, இங்கயும் ஒரு தேரா" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே தள்ளினார். தெருமுனை வரை போயும் உயிர் வரவில்லை. ஆட்டோ ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்தியிருந்தார்கள். கண்ணாடி வழியாக வெயில் விழுந்த அதிரசப் பெட்டியின் மேல் அம்மா ஒரு துண்டை எடுத்துப் போர்த்தினார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான்தான். பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். ஓய்ந்த நேரமெல்லாம் போனில் கார் ரிப்பேர் வீடியோக்களைப் பார்ப்பேன். கார் இல்லாதவனுக்கு எதற்கு இது என்று மாமா கிண்டல் செய்வார். நான் பானெட்டைத் திறந்ததும் அவர் சொன்னார்: "மாப்ள, இது பரீட்ச பேப்பர் இல்ல. தெரிஞ்சத எழுதிட்டு வந்துடலாம்னு பாக்காத."

என்ன கெட்டுப்போயிருக்கும் என்று யோசித்தால் ஆயிரம் தோன்றியது. அதனால் எதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறது. அப்படியானால் பேட்டரியில் குறை இல்லை. பெட்ரோல் முள் பாதிக்கு மேல் நிற்கிறது. அந்தப் பெட்ரோல் இன்ஜினுக்கு வருகிறதா? இந்தக் காரில் சாவியைப் போட்டதுமே பின் சீட்டுக்கு அடியில் பெட்ரோலைத் தள்ளுகிற பம்பு லேசாக முனகும். மாமாவைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்லி, பின் சீட்டில் காதை வைத்தேன்.

"என்னாடா தம்பி, வண்டிக்கு நாடி பாக்குறியா?" என்றார் அத்தை.

நாடி இல்லை. பம்பு முனகவே இல்லை.

பானெட்டுக்குள் இருந்த ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். பம்பின் ஃபியூஸ் நன்றாக இருந்தது. அடுத்தது ரிலே. பம்புக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற, தீப்பெட்டியைவிடச் சின்னக் கறுப்புப் பெட்டி அது. எது எதற்கு என்று மூடியின் உள்பக்கம் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் போட்டிருந்தது. பக்கத்திலேயே ஹாரனுக்கான ரிலே. அதே அளவு, மேலே அதே எண். மாமாவை ஹாரன் அடிக்கச் சொன்னேன். தெருவே திரும்பிப் பார்த்தது. அந்த ரிலே நன்றாக இருக்கிறது, அது போதும் எனக்கு.

சாவியை எடுக்கச் சொல்லிவிட்டு இரண்டையும் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினேன். "இப்ப போடுங்க மாமா."

பின் சீட்டுக்கு அடியில் அந்த முனகல் கேட்டது. முதல் திருகலிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பட்டம் வாங்கிய அன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை. மாமா சந்தோஷத்தில் ஹாரனை அமுக்கினார். சத்தமே இல்லை.

"என்னா மாப்ள, ஒண்ணக் குடுத்துட்டு ஒண்ணப் புடுங்கிக்கிட்ட?"

"ஓடுறதுக்கு அது வேணும் மாமா. கத்துறதுக்கு நாம இருக்கோமே."

"வண்டிய எடுய்யா, நான் இருக்கேன்" என்று அத்தை ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

அத்தை கடலூர் முதுநகரில், துறைமுகத்துப் பக்கம் பிறந்தவர். தலையில் கூடையோடு தெருத் தெருவாக மீன் விற்றவர். தேருக்கு வருகிற கூட்டம் முழுவதும் எங்களுக்கு எதிரே வந்துகொண்டிருந்தது. மாமாவின் கட்டைவிரல் பழக்கத்தில் ஸ்டியரிங்கை அமுக்கிக்கொண்டே இருந்தது. அத்தை தலையை வெளியே நீட்டி, "ஓரம்... ஓரம்... ஓரம் போங்கப்பா" என்று இழுத்தார். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. அம்மா இன்னொரு பக்கத்தில் கதவைப் படபடவென்று தட்டிக்கொண்டே வந்தார், மினி பஸ் கண்டக்டர் மாதிரி.

ஊரைத் தாண்டி ஒரு கிராமத்தில் குறுக்கே மாடுகள். அத்தை அதே ராகத்தில் ஆரம்பித்தவர், பழக்க தோஷத்தில் "மீனேய்ய்..." என்று முடித்துவிட்டார். மாடு நகர்ந்ததோ இல்லையோ, ஒரு வீட்டிலிருந்து ஓர் அம்மா பாத்திரத்தோடு ஓடி வந்து, என்ன மீன் என்று கேட்டார். அத்தை கொஞ்சமும் அசரவில்லை. "இன்னிக்கு மீனு இல்லம்மா. மஞ்சக்குப்பத்துல கட போட்டுருக்கோம், கருவாடு ஜாஸ்தியா வச்சிருக்கேன், வந்துடு" என்றார். என் அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காலையிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான்.

பத்துக்குக் கொஞ்சம் முன்னால் மைதானத்துக்குள் நுழைந்தோம். எங்கள் மேசைக்குப் பக்கத்தில் வேறு குழுவைச் சேர்ந்த பெண்கள் பைகளோடு தயாராக நின்றிருந்தார்கள். அம்மா மேசையில் துணியை விரித்து, முதல் பெட்டியைப் பிரித்தார். அவர்கள் நகர்ந்துகொண்டார்கள்.

கடைசி நாள் சாயங்காலத்துக்குள் அதிரசம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பாத்திரத்தோடு ஓடி வந்த அந்த அம்மாவும் இரண்டாம் நாளே வந்து கருவாடு வாங்கிப் போனார். மாமா முறுக்கு வாங்க வந்தவர்களிடமெல்லாம், "எங்க மாப்ள புடுங்கி மாத்தி வுட்டான், மெக்கானிக்கே தேவப்படல" என்று அவர்கள் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்றைக்கும் எது நின்றுபோனாலும், வண்டியோ, என் சொந்தக் காரியமோ, எது கெட்டது என்று நான் முதலில் தேடுவதில்லை. எது இன்னும் ஓடுகிறது என்றுதான் பார்க்கிறேன். அன்றைக்குக் கடலூரிலேயே வாங்கிய புது ரிலேவுக்கும், அத்தையின் தொண்டைக்கு ஒரு பன்னீர் சோடாவுக்கும் அம்மா தன் முதல் வியாபாரக் காசிலிருந்து எண்ணிக் கொடுத்தது, எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாய்.