பச்சைப் பெருக்கல் குறி

"வண்டிய நிறுத்துங்க."

இதைத்தான் கேட்டேன். கேட்கவே கூடாது என்று மெர்வ் முதல் நாளே சொல்லியிருந்தார். தண்ணீர் வேண்டுமா, கேள். பாட்டு வேண்டுமா, கேள். பழைய ஆழ்துளைக் கிணற்றுக்கும் மாநில எல்லைக்கும் நடுவில் வண்டியை நிறுத்தச் சொல்லி மட்டும் கேட்காதே. நான் கேட்டேன். அதனால் என் இடது காது மடலில் பாதி போய்விட்டது. இது கதை என்று நினைப்பவர்கள் வந்து காதைப் பார்த்துக்கொள்ளலாம்.

நான் டேனி. அப்பா பண்ணைகளுக்கு வேலிக்கம்பி கட்டுகிறவர், கையெழுத்து மட்டும் போடத் தெரியும். எங்கள் வம்சத்திலேயே பட்டம் வாங்கியது நான் ஒருத்திதான். விலங்கியல். அந்தப் பட்டத்துக்குக் கிடைத்த வேலை, இரண்டு தேசியப் பூங்காக்களுக்கு நடுவே எண்ணூறு கிலோமீட்டர் செம்மண் பாதையில் மெர்வ் டக்கெட்டின் பக்கத்தில் உட்கார்ந்து காட்டு ஒட்டகங்களை எண்ணுவது. சீசன் முடிவில் அவர் என்னைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதிக் கொடுத்தால் பூங்காவில் நிரந்தர வேலை. கொடுக்காவிட்டால் அப்பாவோடு கம்பி கட்டவேண்டியதுதான். அது அவருக்கும் தெரியும். வழி முழுக்க என்னைக் 'காலேஜு' என்றுதான் கூப்பிட்டார். ஒட்டகச் சாணியைக் காட்டி இதற்குப் படிப்பில் என்ன பெயர் என்று கேட்டுச் சிரித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கங்காருக்கள் ரோட்டுக்கு வரும் நேரம். எங்கள் பக்கத்தில் அந்நேரம் யாரும் வேகமாக ஓட்டமாட்டார்கள். பழைய கிணற்றைத் தாண்டியதும் மெர்வ் வேகத்தைக் கூட்டினார். ஐந்து ஐம்பதுக்கு ஒரு பெட்டைக் கங்காரு குறுக்கே வந்தது. அவர் ஸ்டியரிங்கை ஒடிக்கவே இல்லை. வண்டியின் முன்பக்க இரும்புக் கம்பி அதன் இடுப்பை உடைத்தது. அந்தச் சத்தம் என் பல்லுக்குள் இறங்கியது. கண்ணாடியெல்லாம் ரத்தம். வைப்பரைப் போட்டுவிட்டு ஓட்டிக்கொண்டே போனார்.

தாய் செத்தாலும் பைக்குள் குட்டி உயிரோடு கிடக்கும். அதனால் நாங்கள் இறங்கிப் பார்ப்போம். சின்னக் குட்டி காம்பை விடாது. இழுத்தால் அதன் வாய் கிழியும். எனவே காம்பைக் கத்தரித்து, குட்டியோடு சேர்த்து எடுப்போம். பிறகு செத்த உடம்பின்மேல் ஸ்பிரே பெயின்டால் ஒரு பெருக்கல் குறி. பார்த்தாகிவிட்டது, உள்ளே உயிர் இல்லை என்று அர்த்தம். பின்னால் வருகிறவர்கள் அந்தக் குறியைப் பார்த்தால் நிற்காமல் போய்விடுவார்கள்.

"நிறுத்துங்க மெர்வ். குட்டி இருக்கும்."

"இருந்துட்டுப் போவுது."

கை பிரேக்கை இழுத்தேன்.

வண்டி சுழன்று புழுதிக்குள் நின்றது. அவர் திட்டியதை எழுத முடியாது. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு குதித்து, வந்த வழியே ஓடினேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு உப்புப் புதர், அவ்வளவுதான். ஒரு ஆள் நின்றால் அடிவானம் வரை தெரியும். யாரும் இல்லை.

கங்காரு கிடந்தது. அதன் விலாவில் பச்சை நிறத்தில் ஒரு பெருக்கல் குறி.

தொட்டேன். ஈரம்.

நாங்கள் அடித்துச் சில நிமிடம்கூட ஆகவில்லை... பையை விரித்தேன். உள்ளே இளஞ்சூடு. குட்டி இல்லை. காம்பு கத்தரிக்கப்பட்டிருந்தது. பழகிய கை, ஒரே வெட்டு.

அப்போதுதான் கேட்டது.

டக்... டக்... டக்...

ஸ்பிரே டப்பாவைக் குலுக்கினால் உள்ளே ஒரு குண்டு அடிக்குமே, அந்தச் சத்தம். புதருக்குள்ளிருந்து. தரையோடு தரையாக.

மெர்வ் கையில் டயர் கழற்றும் கம்பியோடு வந்தார். குறியைப் பார்த்தார். முகம் சாம்பலாகிவிட்டது. அந்தக் குறியின்மேலேயே அடிக்க ஆரம்பித்தார். விலா எலும்புகள் ஒவ்வொன்றாக உடைந்தன. தோல் கிழிந்து சதை தெறித்தது. அப்படியும் பச்சை போகவில்லை. நான் கையைப் பிடித்தேன். கம்பியை என் பக்கம் வீசினார். காது கிழிந்து கழுத்தில் தொங்கியது.

டக்... டக்...

இப்போது பக்கத்தில்.

மெர்வ் புதரைப் பார்த்து அலறினார். "நான்தான் எறங்கிப் பாத்தேனே. ஒனக்கு மூச்சே இல்ல. அன்னிக்கே செத்துட்ட நீ."

சத்தம் நின்றது.

காற்றும் நின்றது.

அவர் என்னைப் பார்த்து நின்றார். அவருக்குப் பின்னால் வெறும் ரோடு. அங்கிருந்து...

ஸ்ஸ்ஸ்...

ஸ்ஸ்ஸ்...

ஸ்பிரேயின் இரண்டு இழுப்பு.

மெர்வ் அப்படியே மண்டியிட்டார்.

நான்தான் ஓட்டினேன். ஒரு கையால் சட்டையைச் சுருட்டிக் காதில் அழுத்திக்கொண்டே. அவர் டேஷ்போர்டில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தார். அவர் முதுகை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று இருந்தேன்.

எட்டே காலுக்கு நோலாவின் பெட்ரோல் பங்க். பின்னாலேயே அவளுடைய சாப்பாட்டுக் கடை. மெர்வ் ஒரு மூலையில் போய் உட்கார்ந்தார். நோலா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய்க் காதைக் கழுவினாள். யார் அடித்தது என்று அவள் கேட்கவில்லை. ஜன்னல் வழியாக மெர்வையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் முதுகுல அது என்ன?"

பார்த்தேன். தோளிலிருந்து இடுப்பு வரை பச்சைப் பெருக்கல் குறி.

"இந்தப் பச்சைய ஜோஸ்லின் மட்டும்தான்டி வச்சிருப்பா."

ஜோஸ்லின், தாயில்லாக் கங்காருக் குட்டிகளை வீட்டில் வளர்த்தவள். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால், அந்தக் கிணற்றைத் தாண்டி, செத்த கங்காரு ஒன்றைச் சோதித்துக் குறி போட்டுவிட்டு எழுந்திருக்கிறாள். ஏதோ ஒரு வண்டி அடித்துப் புதருக்குள் வீசிவிட்டுப் போய்விட்டது. எந்த வண்டி என்று இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. அன்று சாயங்காலமும் மறுநாள் காலையும் அந்தப் பக்கம் போன எல்லோருமே ரோட்டோரம் கிடந்த கங்காருவைப் பார்த்தார்கள். குறியைப் பார்த்தார்கள். ஒருவரும் நிறுத்தவில்லை. அதற்குப் பின்னால், நாலு எட்டில், அவள் கிடந்தாள்.

"மறுநாள் மத்தியானம் வரைக்கும் உசுரு இருந்துச்சுன்னு டாக்டர் சொன்னாரு," என்றாள் நோலா. "தாடை பேந்து போச்சு, கத்த முடியாதுல்ல. டப்பாவ மட்டும் கையிலேர்ந்து விடவே இல்ல."

டக்... டக்... டக்...

ராத்திரி முழுக்கக் குலுக்கியிருக்கிறாள். யாருக்காவது கேட்கட்டும் என்று. ஜன்னலை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு எங்கே கேட்கும்?

நான் வெளியே வந்து அவன் எதிரில் நின்றேன். அவன் நிமிராமலே பேசினான்.

"கீழ விழுந்து காது கிழிஞ்சிருச்சு. என்ன காலேஜு? லெட்டர் நாளைக்கே தரேன்."

நோலா அவன் பின்னால் வந்து முதுகைத் தொட்டாள். விரலைத் தூக்கி எனக்குக் காட்டினாள்.

இன்னும் ஈரம்.

"அவ சாகல மெர்வ்," என்றேன். "நீ சரியா பாக்கல."

அவன் கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தடவினான்.

போலீஸ் இருக்கும் ஊருக்கு நூற்றெண்பது கிலோமீட்டர். வண்டிச் சாவி என் பையில். அவளை அடித்த இரும்புக் கம்பி வண்டியின் முன்னால். லெட்டரை அவனே வைத்துக்கொள்ளட்டும்.

கொசுவலைக் கதவைத் தள்ளினேன்.

பின்னால், அவன் நாற்காலி இருந்த பக்கம்...

டக்... டக்...

திரும்பாமல் இறங்கி நடந்தேன்.